ஜெய்பெக் ஆட்டம்: 9 எண்ணிக்கை காலுக்குப் பிடிபடவில்லை, தெரிந்தவர்கள் உதவுங்கள்

தேன்மொழி:

எல்லோருக்கும் வணக்கம். துருக்கியின் இஸ்மிரில் மேற்படிப்பு படிக்கிறேன். கூடப் படிக்கிற தோழிக்குச் சீக்கிரமே கல்யாணம். அவள் குடும்பம் ஒதெமிஷ் பக்கத்துக் கிராமம். அங்கே கல்யாணம் என்றால் டாவுல் என்கிற பெரிய மேளமும் ஸுர்னா என்கிற நாயன வகைக் குழலும் வராமல் இருக்காது, ஜெய்பெக் என்கிற அந்தப் பக்கத்து நாட்டுப்புற ஆட்டம் இல்லாமல் கூட்டம் கலையாது, நீயும் களத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஹர்மந்தாலி என்கிற ஜெய்பெக்கின் அடவுகளை அவளே சொல்லிக் கொடுத்தாள், வரிசை மனதில் நிற்கிறது. பிரச்சினை தாளத்தில்தான். 9 எண்ணிக்கை என்கிறார்கள், உட்கார்ந்து எண்ணினால் 9 சரியாக வருகிறது, எழுந்து ஆடினால் என் கால் பாட்டுக்கு முன்னால் ஓடிவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கிற இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்றே தெரியவில்லை. தோழியைக் கேட்டால் "எண்ணாதே, கேள்" என்கிறாள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு அது சுலபம், எனக்கு?

இன்னொரு குழப்பமும் உண்டு. அதே ஹர்மந்தாலியை பாக்லாமா (நீண்ட கழுத்துத் தந்தி வாத்தியம்) குழு வாசித்த பதிவில் கேட்டால் நேராக, ஒழுங்காகப் போகிறது. கிராமத்துக் கல்யாணக் காணொளியில் ஸுர்னா ஊதும்போது இழுத்து இழுத்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி போகிறது. எதை வைத்துப் பழகுவது? அப்புறம், ஹலாய் ஆட்டத்தில் எல்லோரும் கை கோத்துக்கொண்டு வரிசையாக ஆடுகிறார்கள், கால் தவறினாலும் பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே யாரும் யாரையும் தொடுவதே இல்லை. அது ஏன்? பெண்கள் ஆடுவது வழக்கம்தானா, இல்லை ஆண்களுக்கு உரிய ஆட்டமா? கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

லயப்பிரியன்:

தாள வாத்தியம் வாசிக்கிறவன் நான், அதனால் தாளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஆட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

ஒன்றிலிருந்து ஒன்பது வரை சம இடைவெளியில் எண்ணுவதை முதலில் விடுங்கள். துருக்கியில் வாசிக்கிறவர்கள் அதை ஒன்பது தனித்தனி அடியாக உணர்வதில்லை. நான்கு அடியாக உணர்கிறார்கள்: மூன்று குட்டை, ஒரு நெட்டை. குட்டைக்கு 2, நெட்டைக்கு 3, மொத்தம் 9. வாயால் "தக தக தக தகிட" என்று சொல்லிப் பாருங்கள், 2+2+2+3 வந்துவிடும். "தகிட தக தக தக" என்றால் 3+2+2+2. நெட்டை எங்கே விழுகிறது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும், சிலவற்றில் நடுவிலும் விழும். ஆகவே புதிதாக ஒரு ஜெய்பெக்கைக் கேட்கும்போது முதலில் தேட வேண்டியது அந்த நெட்டையைத்தான்.

இதே 9 துருக்கியின் ஐரோப்பியப் பக்கமான திரேஸ் பகுதியின் கர்ஷிலமா ஆட்டத்திலும் இருக்கிறது, அங்கே அது துள்ளி ஓடும், யாருக்கும் உடனே பிடிபடும். மெதுவான ஜெய்பெக்கை "ஆர் ஜெய்பெக்" என்பார்கள், அதில் ஒரு ஆவர்த்தனம் முடிய எட்டு ஒன்பது நொடிகூட ஆகும். எழுதும்போதும் வேகமானதை 9/8 என்றும் மெதுவானதை 9/4 என்றும், இன்னும் நிதானமானதை 9/2 என்றும் எழுதுகிறார்கள். வேகம் குறையக் குறைய இரண்டு அடிக்கு நடுவில் இருக்கிற வெற்றிடம் பெரிதாகிறது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்துதான் கால் அவசரப்படுகிறது. உங்கள் கால் முன்னால் ஓடுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன், அநேகமாக அந்த நெட்டையைக் குட்டையாக நினைத்து இறங்கிவிடுகிறீர்கள்.

பழகுவதற்கு ஒரு வழி. டாவுலின் ஒரு பக்கத்தைத் தடித்த கோலால் அடிப்பார்கள், டொக்மாக் என்று பெயர், அதுதான் வயிற்றில் இடிக்கிற மாதிரி "தும்" என்று விழும். மறுபக்கத்தில் மெல்லிய குச்சி, அது சடசடவென்று இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே இருக்கும். சில நாள் எதுவும் ஆடாமல் அந்தத் தடித்த அடியை மட்டும் கேளுங்கள். குச்சியின் சத்தத்தைப் பின்தொடர்ந்தால் கால் கட்டாயம் பதறும். தடித்த அடி விழும்போது உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான், அடவு வேண்டாம், கை வேண்டாம். எடை சரியான இடத்தில் மாறத் தொடங்கிவிட்டால் அடவு தானாக வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

மலைப்பாதை:

லயப்பிரியன் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அய்தினில் வேலை நிமித்தம் இருந்தபோது கல்யாணங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நெட்டை எவ்வளவு நீளம் என்பதை முடிவு செய்வது டாவுல்காரர் இல்லை, ஆடுகிறவர்.

நல்ல ஆட்டக்காரர் களத்துக்கு வந்தவுடன் ஆட மாட்டார். ஸுர்னா ஆரம்பித்திருக்கும், அவர் பாட்டுக்குக் கைகளைத் தொங்கவிட்டு வட்டமாக நடந்துகொண்டிருப்பார், அவசரமே இல்லாமல். இந்த நடைக்கு கெஸின்லெமே என்று பெயர். ஒரு இடத்தில் நின்று இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு விரிப்பார். அப்புறம்தான் ஆட்டம். ஒரு முழங்காலை மேலே தூக்கி அப்படியே நிறுத்துவார். டாவுல்காரர் எதிரே குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு டொக்மாக்கை ஓங்கியபடி காத்திருப்பார். கால் இறங்கும், அடி விழும், இரண்டும் ஒன்றாக. முழங்கால் தரையைத் தொடுகிற இடத்திலும் இதே கதைதான். தொப்பென்று விழுவதில்லை, முதுகு நிமிர்ந்தபடியே இறங்கி, முழங்கால் தரையைத் தொட்டும் தொடாமல் உடனே எழும்பும், அந்த எழும்புதலில்தான் கூட்டம் "ஹைதா!" என்று கத்தும். அதனால் "இங்கே எவ்வளவு நேரம் நிற்பது" என்று நீங்கள் கேட்டதற்கு, நல்ல டாவுல்காரர் கிடைத்தால், உங்களால் தடுமாறாமல் நிற்க முடிகிற வரைக்கும் என்பதுதான் பதில். பதிவை ஓடவிட்டுப் பழகும்போது இது கிடைக்காது, பதிவு உங்களைப் பார்ப்பதில்லை.

ஸுர்னா இழுக்கிறது என்றீர்களே, அதற்கு வாத்தியமும் ஒரு காரணம். ஏஜியன் பக்கம் பெரும்பாலும் இரண்டு ஸுர்னா சேர்ந்து வரும், மற்றப் பகுதிகளில் இருப்பதைவிட நீளமான, அடித்தொண்டையில் பேசுகிற வகை, கபா ஸுர்னா. ஒருவர் பாட்டை ஊதுவார், இன்னொருவர் ஒத்து ஊதுவது போல ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே ஊதுவதால் நிறுத்தமே இருக்காது. நிறுத்தம் இல்லாத இடத்தில் வாக்கியம் எங்கே முடிகிறது என்று புதிதாகக் கேட்கிறவருக்குத் தெரியாது. பாட்டை ஊதுகிறவரின் அலங்காரங்களைப் பின்தொடராமல் டாவுலோடு இருங்கள்.

யாரும் யாரையும் ஏன் தொடுவதில்லை என்பதற்கு அந்த ஆட்களின் கதையைச் சொன்னால்தான் விளங்கும். ஜெய்பெக்குகள் என்பவர்கள் மேற்கு அனடோலியாவின் மலைகளில் ஆயுதத்தோடு திரிந்தவர்கள். வரிக்கொடுமை, கட்டாய ராணுவ சேவை, கொலைப் பழி என்று ஆளுக்கொரு காரணத்தோடு மலையேறியவர்கள். கூட்டத்தின் தலைவர் எஃபெ, புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் கிஸான். இவர்களில் பெரிய பெயர் சாகிர்ஜாலி மெஹ்மெத் எஃபெ, உங்கள் தோழியின் ஒதெமிஷ் பக்கத்துக்காரர். உஸ்மானிய அரசோடு சமாதானமாகி மலையிலிருந்து இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்து 1911இல் கொல்லப்பட்டார். இஸ்மிரின் காவாக் (பாப்ளர்) மரங்களைச் சொல்லித் தொடங்குகிற அந்தப் புகழ்பெற்ற பாட்டு அவரைப் பற்றியதுதான், கல்யாணத்திலும் கட்டாயம் கேட்பீர்கள். 1919இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது எதிர்த்து நின்றவர்களிலும் எஃபெகள் உண்டு. யோருக் அலி எஃபெ அதே ஆண்டு ஜூனில் மல்காச்சில் நடத்திய தாக்குதலை அய்தின் மாகாணத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள், யெனிபஸாரில் அவர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. இவர்களைப் புனிதர்களாக்க நான் தயாரில்லை, ஊரைக் காத்தவர்களும் உண்டு, ஊரைக் கொள்ளையடித்தவர்களும் உண்டு. ஆனால் ஆட்டத்தின் நிமிர்வு அவர்களுடையது. ஒவ்வொருவரும் தன் பெயரோடு, தன் ஆயுதத்தோடு நிற்கிற ஆட்டம். பல பேர் வட்டத்தில் இருந்தாலும் அவரவர் இடத்தில் அவரவர் தனி.

உடையைப் பார்த்தாலே தெரியும். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிற கால்சட்டை, அதனால் தரையைத் தொடுவது வெற்று முழங்கால். இடுப்பில் யாத்தகான் வாளும் துப்பாக்கியும் செருகிய அகலத் தோல் கச்சை. இவ்வளவு இரும்பைச் சுமந்துகொண்டு, தொப்பியைச் சுற்றிய துணியின் ஓரத்தில் மட்டும் பெண்கள் நூலால் பின்னிய சின்னச் சின்னப் பூக்கள். கண்ணாடிப் பேழைக்குள் அதைப் பார்த்து வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

கௌரி_இழை:

மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் பெண்கள் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் வருகிறேன்.

தேன்மொழி, பெண்கள் ஆடுவது வழக்கம்தான், தயங்கவே வேண்டாம். ஆண்கள் திறந்தவெளியில் டாவுல் ஸுர்னாவுக்கு ஆடினால், பெண்கள் தங்களுக்குள், வீட்டிலோ முற்றத்திலோ ஆடிவந்தார்கள். முக்லா பக்கம் பெண்களே டெல்பெக் என்கிற வட்டப் பறையை அடித்துக்கொண்டு பாடுவார்கள், கல்யாண மருதாணி இரவில் அவர்கள் இல்லாமல் எதுவும் தொடங்காது. பெண்களின் ஜெய்பெக்கில் கை அவ்வளவு அகலமாக விரியாது, முழங்கால் தரைக்குப் போவதும் குறைவு, ஆனால் அந்த நிதானம், அந்த எடை மாற்றம் எல்லாம் அதேதான். இன்றைக்குப் பொது மேடையில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுகிறார்கள்.

இதில் செலிம் சிர்ரி தார்ஜானைச் சொல்லாமல் விட முடியாது. 1874இல் பிறந்து 1957இல் இறந்தவர், துருக்கியில் உடற்கல்வியைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். சுவீடனில் உடற்பயிற்சி படிக்கப் போனவர், அங்கே நாட்டுப்புற ஆட்டங்களைப் பள்ளிகளில் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, ஜெய்பெக்கை ஒழுங்குபடுத்தி யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு வடிவமாக்கினார். 1925இல் இஸ்மிரில் அதாதுர்க் முன்னால் ஒரு பெண்ணோடு ஜோடியாக அதை ஆடிக் காட்டினார். மலையில் துப்பாக்கியோடு ஆடிய ஆட்டத்தை ஒரு பெண் ஆசிரியை பொது மேடையில் ஆடுவது என்பது அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரிய அடியெடுப்பு! அவர் வடிவத்தை "பள்ளிக்கூட ஆட்டம்" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கதவைத் திறந்துவிட்டது.

பாக்லாமா நேராகப் போகிறது என்றீர்கள். எல்லா பாக்லாமாவும் அப்படி இல்லை. தனியாக வாசிக்கிற நல்ல கலைஞரைக் கேளுங்கள். ஜெய்பெக்குக்கென்றே மீட்டுகிற கையின் போக்கு ஒன்று உண்டு, ஜெய்பெக் தவ்ரி என்பார்கள், நெட்டை வருகிற இடத்தில் மணிக்கட்டு தந்திகளின் மேல் படபடவென்று உருண்டு அந்த நீளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். டெனிஸ்லி மாகாணத்து அஜிபயாமில் பிறந்த தாலிப் ஒஸ்கானைத் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

லயப்பிரியன்:

கௌரி சொன்ன தனி பாக்லாமா பற்றி மறுப்பில்லை. ஆனால் தேன்மொழி கேட்டது குழுவாக வாசிக்கிற பதிவு என்று நினைக்கிறேன், அங்கே எனக்கு வருத்தம் உண்டு. முஸாஃபெர் சாரிசோசென் போன்றவர்கள் 1937இலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைச் சேகரிக்காமல் இருந்திருந்தால் எத்தனையோ பாட்டு காணாமல் போயிருக்கும், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் இருபது பேர் ஒன்றாக வாசிக்க வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், இறங்க வேண்டுமென்றால் நெட்டையை அளந்து சீராக்கத்தான் வேண்டும். வானொலிக் குழுக்களில் அதுதான் நடந்தது. ஆடுகிறவர் இல்லாத அறையில் வாசித்த ஆட்டப்பாட்டு அது. வரிசையை மனப்பாடம் செய்ய நல்லது, நிற்பதற்கு உதவாது.

கௌரி_இழை:

அளந்தது வானொலி மட்டும் இல்லையே, தார்ஜானும் அளந்தார்தான், பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு வேறெப்படிச் சொல்லிக் கொடுப்பது? அளந்ததால்தான் எஃபெகளின் பேரப்பிள்ளை அல்லாதவர்களும் ஆடுகிறார்கள், நம் தேன்மொழி உட்பட. அளந்த வடிவில் தொடங்கி அப்புறம் ஸுர்னாவிடம் போகட்டும், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

நீலக்கரை:

கடலுக்கு அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1922-23இல் சிறிய ஆசியாவிலிருந்து கிரீசுக்குப் போன லட்சக்கணக்கான அகதிகளோடு இந்த 9ம் கப்பலேறியது. பிரேயஸ் துறைமுகத்தில், ரெபெதிகோ என்கிற நகர்ப்புறப் பாடல்கள் பாடுகிற இடங்களில், அது ஜெய்பெகிகோ ஆனது. டாவுல் ஸுர்னாவுக்குப் பதில் பூஸூகி என்கிற தந்தி வாத்தியம். மலையில் நிமிர்ந்து ஆடியதை இங்கே ஒருவர் தலை குனிந்து, தன் துக்கத்தோடு ஆடினார். ஒருவர் கேட்டு வாங்கிய பாட்டுக்கு இன்னொருவர் எழுந்து ஆடினால் கத்திக்குத்து வரை போனதுண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நெட்டையின் மேல் நிற்பது என்றால் என்ன என்று நன்றாகப் புரியும். ஒரே தாளம், இரண்டு மனநிலை.

வேகமான பக்கமும் கேட்க வேண்டும். புர்துர், ஃபெதியே, டெனிஸ்லியின் தெற்கு மலைகளில் இதே 9 படுவேகமாக, 9/16ஆக ஓடும், டெகெ வட்டாரம் என்பார்கள். சிப்ஸி என்கிற சின்ன நாணல் குழல், மூன்று தந்திச் சின்ன வாத்தியம் உச்தெல்லி. சாமெலி மலைக்காரரான ஹைரி தேவ் வாசித்ததைக் கேளுங்கள், துருக்கி அரசு வாழும் மனிதப் பொக்கிஷம் என்று கௌரவித்த கலைஞர், ஆடு மேய்ப்பவர்களின் இசை. வேகத்தில் நெட்டை எங்கே என்று காது கண்டுபிடித்துவிட்டால், மெதுவானதில் அதே இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்.

தேன்மொழி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. "தகிட"வை வைத்துக்கொண்டு எடை மாற்றிப் பழகுகிறேன், முன்னால் ஓடுவது நிஜமாகவே குறைந்திருக்கிறது. குச்சியின் சத்தத்தை விட்டுவிட்டுத் தடித்த அடியை மட்டும் கேட்பதுதான் எனக்கு அதிகம் உதவியது. நேற்று தோழி பார்த்துவிட்டு முதல் முறையாக ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். முழங்கால் இறக்குவது எனக்குச் சரியாக வரவில்லை, வலிக்கவும் செய்கிறது, விட்டுவிடலாமா? களத்தில் ஏற்கனவே ஒரு பெரியவர் ஆடிக்கொண்டிருந்தால் நான் உள்ளே போகலாமா?

மலைப்பாதை:

முழங்காலை விட்டுவிடுங்கள் தேன்மொழி, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பெண்கள் பலர் இறக்குவதில்லை என்று கௌரியே சொன்னார். அந்த இடத்தில் இரண்டு முழங்காலையும் லேசாக மடக்கி, முதுகு வளையாமல் கொஞ்சம் தாழ்ந்து எழுந்தால் போதும். ஆசை இருந்தால் தனியாகப் பழகும்போது முன்காலில் முழு எடையையும் வைத்து இறங்குங்கள், பின்முழங்கால் எடையே வாங்கக் கூடாது. வலிக்கிறதென்றால் அது எடை வாங்குகிறது என்று அர்த்தம். கல்யாணக் களம் சிமெண்ட்டாகவோ சரளையாகவோ இருக்கும், அங்கே போய் முயற்சி செய்யாதீர்கள்.

பெரியவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தால் ஓரத்திலேயே நில்லுங்கள், குறுக்கே நடக்கவும் வேண்டாம். அது அவருக்காக வாசிக்கிற பாட்டு, பெரும்பாலும் அவர் வாத்தியக்காரர்களிடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியதாக இருக்கும். அவரே உங்களைப் பார்த்துக் கையால் அழைத்தால் போகலாம், போய் அவருக்கு எதிரே, கைகள் உரசாத தூரத்தில் நின்று முதலில் ஒரு சுற்று நடங்கள். ஹர்மந்தாலி எல்லோரும் சேர்ந்து ஆடுவது, அதற்கு இந்தத் தயக்கமே வேண்டாம், தோழி பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

முடியப்போகும் நேரத்தில் சில குழுக்கள் நிறுத்தாமல் அப்படியே வேகமான பாட்டுக்குத் தாவிவிடும். டொக்மாக் அடிகள் நெருங்கி வரத் தொடங்கினால் அதுதான் அடையாளம். காலுக்கு வந்தால் ஆடுங்கள், வராவிட்டால் ஒரு சுற்று நடந்தபடியே வெளியே வந்துவிடலாம், நடப்பதும் இந்த ஆட்டத்தில் ஒரு பகுதிதான்.